பகல் யூனிட்

ஏப்ரல் 10, வியாழன்

டைரி எழுதுற ஆளே இல்ல நான். லேப்புக்கு கெமிக்கல் சப்ளை பண்றவர் ஜனவரியில கொடுத்துட்டுப் போன டைரி இது. பால் கணக்கு எழுதலாம்னு வெச்சிருந்தேன். இப்ப வேற கணக்கு எழுத வேண்டி வந்துருச்சு.

நேத்து ஈபி ரீடிங் எடுத்தாங்க. ரெண்டு மாசத்துக்கு 571 யூனிட். போன தடவை 372. நான் செருப்பைக்கூடக் கழட்டல, அதுக்குள்ள இவரு அட்டையைக் கொண்டாந்து என் மூஞ்சிக்கு நேரா நீட்டுறாரு.

"பாத்தியா? உன் மிஷின் பண்ணுன வேலைய!"

பாத்திரம் கழுவுற மிஷினைத்தான் சொல்றாரு. பிப்ரவரி ஆறாம் தேதி வந்துச்சு. என் சீட்டுப் பணத்துல நானே வாங்குனது, இவருகிட்ட அஞ்சு பைசா கேக்கல. என்னமோ ஆடம்பரத்துக்கு வாங்குன மாதிரி பேச்சு. என் ரெண்டு கையும் சோப்புத் தண்ணி பட்டுப் பட்டு விரல் இடுக்கெல்லாம் வெடிச்சு ரத்தம் கசிஞ்சது இவருக்குத் தெரியாதா? ஒரு நாளைக்கு நாப்பது பேருக்கு ரத்தம் எடுக்கிறவ நான். வெடிச்ச கையில ஸ்பிரிட் பட்டா உயிர் போகும். கிளவுஸைக் கழட்டுனா தோலும் சேர்ந்து வரும். ஒரு வருஷத்துக்கு சோப்புத் தண்ணியில கை வெக்காதீங்க, வெச்சா இந்த வேலையையே விட வேண்டியதுதான்னு தோல் டாக்டர் சொன்னப்ப இவரும் பக்கத்துல உக்காந்துதானே கேட்டாரு?

"மூணு மணி நேரம் ஓடுது. மூணு மணி நேரம் ஓடுறது கரண்ட் குடிக்காம காத்தையா குடிக்கும்?"

சத்தம் ஏறி ஏறி, கடைசியில இவரு ஒரு தீர்ப்பு சொன்னாரு. ஜூன்ல எடுக்கிற ரீடிங் ஐநூறைத் தாண்டுச்சுன்னா மிஷின் புதுக்கோட்டைக்குப் போயிடணும், இவரோட அக்கா வீட்டுக்கு. நானும் ரோஷத்துல சரின்னுட்டேன்.

ஆரம்ப ரீடிங் 18204. கண்ணுல வெளக்கெண்ணெய் ஊத்திக்கிட்டுப் பாக்கப் போறேன்.

ஏப்ரல் 11, வெள்ளி

பேசல. அவரும் பேசல. சாம்பார்ல உப்பு கம்மின்னு சுவத்துக்கிட்ட சொன்னாரு.

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்னிக்கு நேருக்கு நேர் சோதனை. காலையில ஆறு மணிக்கு ஃபிரிட்ஜ், ஃபேன், மோடம், கொசு மிஷின் எல்லா சுவிட்சையும் அமத்துனேன். வீட்டுல ஓடுறது பாத்திர மிஷின் மட்டும். கீழ படிக்கட்டடியில இருக்கிற மீட்டரை இவரையும் கூட்டிட்டுப் போயிப் பாக்க வெச்சேன். 18239.4.

மூணே கால் மணி நேரம். ஃபேன் இல்லாம ஹால்ல உக்காந்து பேப்பரால விசிறிக்கிட்டே இருந்தாரு. பனியன் நனைஞ்சு ஒட்டிப்போச்சு. "இந்தக் கொடுமை தேவையா சாந்தா?"ன்னாரு. ஆரம்பிச்சது யாரு?

முடிஞ்சதும் மறுபடி கீழ. 18240.3.

ஒரு யூனிட்டுகூட இல்லைங்க. பத்துல ஒம்போது பங்கு! எனக்கு அப்படியே கையைத் தட்டணும் போல இருந்துச்சு.

மிஷின் கூட வந்த புக்கை எடுத்து உக்காந்து படிச்சேன். மிஷினுக்குள்ள தண்ணியைச் சுத்தி அடிக்கிற மோட்டார் சின்னது, அது ராத்திரி பகல் ஓடுனாலும் ரொம்பத் திங்காது. தண்ணியைச் சுட வெக்கிறப்பதான் கரண்டு போகுது. மூணு மணி நேர புரோகிராம்ல தண்ணி லேசாத்தான் சுடும், அதனால நேரம் இழுத்துக்கிட்டுப் போகும், கரண்டு கம்மி. அவசரமா நல்லா கொதிக்க வெச்சுக் கழுவுறதுதான் ஜாஸ்தி. நம்ம திருச்சி வெயில்ல மொட்டை மாடி டேங்க்லேர்ந்து வர்ற தண்ணியே பாதி வெந்துதானே வருது.

இவரு மீட்டரையே உத்துப் பாத்துட்டு, "மீட்டர்ல ஏதோ கோளாறு"ன்னாரு. இருபத்தி மூணு வருஷக் குடும்பத்துல இந்த ஆளு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஆமா நீ சொல்றது சரின்னு சொன்னதா எனக்கு ஞாபகம் இல்ல.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. பாயசம், வடை, மாங்காப் பச்சடி. வடை சட்டியை எழுபது டிகிரி புரோகிராம்ல போட்டேன், 1.5 ஆச்சு. மறைக்காம எழுதுறேன், எனக்கென்ன பயம்?

யாழினி கோயம்புத்தூர் ஹாஸ்டல்லேர்ந்து போன் பண்ணா. "ரெண்டு பேரும் சண்டை போடாம இருங்கம்மா, பேர்ல மட்டும் சாந்தகுமாரி"ன்னு சிரிக்கிறா. அப்பன் பொண்ணு.

இவரு விரல்ல மோதிரத்தைக் காணோம். கேட்டேன். வெயிலுக்கு விரல் வீங்குது, கழட்டி வெச்சிருக்கேன்னாரு.

ஏப்ரல் 17, வியாழன்

வரவர அநியாயம் தாங்கல. சாயங்காலம் இவரு பையிலேர்ந்து டிபன் பாக்ஸை எடுத்தா, பளபளன்னு கழுவித் துடைச்சு இருக்கு. கல்யாணம் ஆனதுலேர்ந்து தின்ன தட்டை நகத்தி வெச்சதில்ல இந்த மனுஷன். இப்ப துவாக்குடி கம்பெனியில ஸ்டோர் சூப்பர்வைசரா இருந்துக்கிட்டு குழாயடியில நின்னு டிபன் பாக்ஸ் கழுவுறாராம்! எதுக்கு? என் மிஷினுக்குள்ள அவரு பாக்ஸ் போகக்கூடாதாம். அவ்வளவு வன்மம்.

"எதுக்குக் கழுவுனீங்க?"

"சும்மாதான். காஞ்சு போயிருந்துச்சு."

நேத்தும் கழுவித்தான் வந்துச்சு. யோசிச்சுப் பாத்தா போன மாசமும் அப்படித்தான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

கணக்கு ஒதைக்குது. மிஷின் ஒரு நாளைக்கு 0.9. ஆனா மொத்தம் நாளுக்கு ஒம்போதரை, பத்துன்னு ஓடுது. இப்படியே போனா ஐநூறு என்ன, அறுநூறைத் தொடும். மிஷின் போயிடும். திரும்ப நான் சிங்க்ல கையை விட்டுக்கிட்டு நிக்கணும். இடது கை சுண்டு விரல் இப்பதான் ஆறி வருது.

லேப்ல இன்னிக்கு சுகர் மிஷின்ல ஏதோ தப்பா ரிசல்ட் வந்துச்சு. அந்த மாதிரி வந்தா நாங்க முதல்ல என்ன பண்ணுவோம்? சாம்பிளே இல்லாம வெறும் தண்ணியை வெச்சு ஓட்டிப் பாப்போம். ஒண்ணுமே இல்லாதப்ப நம்பர் காட்டுச்சுன்னா, தப்பு ரத்தத்துல இல்ல, வேற எங்கயோ இருக்குன்னு அர்த்தம். பப்பாளித் துண்டை வாயில போட்டுக்கிட்டு இருந்தப்ப தோணுச்சு. வீட்டையும் அப்படி வெறுமனே ஓட்டிப் பாத்தா என்ன? எட்டரைக்கு இவரு கிளம்பிடுறாரு, எட்டு அம்பதுக்கு நான். திரும்ப ஆறு மணி வரைக்கும் வீட்டுல ஈ காக்கா கிடையாது. ஃபிரிட்ஜ் மட்டும்தான் ஓடும். கூடிப்போனா முக்கால் யூனிட் ஆகலாம்.

நாளைக்குப் பாத்துடுறேன்.

ஏப்ரல் 23, புதன்

காலையில 18334.1. சாயங்காலம் 18339.3.

ஆளே இல்லாத வீட்டுல அஞ்சு யூனிட்!

திருட்டு. சத்தியமா திருட்டு. எவனோ நம்ம லைன்ல வயரைப் போட்டு இழுக்குறான். இவருகிட்ட சொன்னா, "அதெல்லாம் ஒண்ணும் இருக்காது, மிஷின் அணைச்சாலும் உள்ளுக்குள்ள இழுத்துக்கிட்டேதான் இருக்கும்"னு டிவியைப் பாத்துக்கிட்டே சொல்றாரு. சொந்த வீட்டுல திருட்டுப் போகுதுங்கிறேன், கொஞ்சமாவது பதறுறாரான்னு பாருங்க.

மிஷின் பிளக்கையே புடுங்கிட்டுப் போறேன் நாளைக்கு.

ஏப்ரல் 24, வியாழன்

பிளக்கைப் புடுங்கியும் பகல் கணக்கு 4.9.

ஏப்ரல் 25, வெள்ளி

கீழ் வீட்டு ஜெயக்கொடி டீச்சரைப் புடிச்சிட்டேன். வேற யாரு? மீட்டர் பெட்டி அவங்க வாசல்லதான் இருக்கு.

"டீச்சர், உங்க வீட்டு வயரு எங்க லைன்ல சேந்திருக்கான்னு ஒரு தடவை பாத்துடுங்களேன்"னு மரியாதையாத்தான் ஆரம்பிச்சேன். அந்தம்மா புடிச்சுக்கிட்டாங்க பாருங்க!

"என்னங்க சொல்ல வர்றீங்க, நாங்க திருடுறோமா? இருபது வருஷமா ஒரே தெருவுல இருக்கோம், இப்படி ஒரு வார்த்தை! நானும் சொல்லக் கூடாது சொல்லக் கூடாதுன்னு இருக்கேன். தினம் ஸ்கூல் விட்டு நாலரைக்கு வந்தா என் ரோஜாத் தொட்டி நெறைய தண்ணி நிக்குது. உங்க ஏசி குழாய்லேர்ந்துதான் சொட்டுது. வேரெல்லாம் அழுகிப் போச்சு. நான் வந்து கேட்டேனா?"

"பகல்ல எங்க வீட்டுல யாருங்க ஏசி போடுறா? நாங்க ரெண்டு பேருமே வேலைக்குப் போறவங்க."

"அது எனக்கென்ன தெரியும்? தொட்டியப் போயிப் பாருங்க!"

பதிலுக்கு ஏதாவது சொல்லணுமேன்னு வாய்க்கு வந்ததைச் சொல்றாங்க. நானும் விடல. தெருவே வேடிக்கை பாத்துச்சு. இனி இந்த ஜென்மத்துல அவங்க முகத்துல முழிக்க மாட்டேன்.

போற போக்குல தொட்டியப் பாத்தேன். தண்ணி நின்னுச்சு.

ஏப்ரல் 28, திங்கள்

இன்னிக்கு ஒரு முடிவு கட்டிடலாம்னு, இவரு போனதும் வீட்டுக்குள்ள இருக்கிற மெயினையே அமத்திட்டேன். ஃபிரிட்ஜ்ல இருந்த பாலு, மாவை மட்டும் ஐஸ் பெட்டியில போட்டுக் காலையிலயே லேப் ஃபிரிட்ஜுக்குக் கொண்டு போயிட்டேன். மெயின் ஆஃப்ல இருக்கிறப்ப மீட்டர் ஓடுச்சுன்னா வெளியில எவனோ இழுக்குறான்னு அர்த்தம். ஈபி ஆபீசுக்கே போயிடுறதுன்னு இருந்தேன்.

போறப்ப 18384.6. வந்தப்ப 18389.4.

மேல ஓடி வந்து பாத்தேன். மெயின் ஆஃப்லதான் இருந்துச்சு, நான் வெச்ச மாதிரியே. அப்பாடா, திருட்டு நிச்சயம்னு நெனச்சுக்கிட்டு ஃபிரிட்ஜைத் தெறந்தேன்.

ஐஸ் தட்டுல ஐஸ் அப்படியே இருக்கு. கல்லு மாதிரி. ஒம்போது மணி நேரம் கரண்டு இல்லாத ஃபிரிட்ஜ்ல, இந்த வெயில்ல.

ஃபிரிட்ஜைச் சாத்திட்டு, கைப்பையிலேர்ந்து என் சாவியை எடுத்துப் பாத்தேன்.

இந்த வீட்டுக்குச் சாவி ரெண்டு.

ஏப்ரல் 29, செவ்வாய்

பகல் 4.7. கத்திரிக்காய் கூட்டு.

மே 1, வியாழன்

லீவு. நேத்து சாயங்காலமே ஒரு லட்டு டப்பா கொண்டாந்தாரு. "மே தினத்துக்கு கம்பெனியில கொடுத்தாங்க."

வருஷா வருஷம் கொடுப்பாங்கதான். கம்பெனி பேரு அச்சடிச்ச டப்பாவுல, கூடவே ஒரு துண்டும். இந்த டப்பாவுல சத்திரம் பஸ் ஸ்டாண்டு ஸ்வீட் கடை பேரு இருக்கு. துண்டு இல்ல.

ரெண்டு லட்டு தின்னேன். நல்லாத்தான் இருந்துச்சு.

மே 6, செவ்வாய்

லேப்புக்கு ஒரு அம்மா வந்தாங்க, தைராய்டு டெஸ்டுக்கு. இவரு கம்பெனியில லோடிங் பாக்குற மாசிலாமணியோட வீட்டம்மா. கையைக் கட்டி நரம்பைத் தேடிக்கிட்டு இருக்கேன், அந்தம்மா பேசிக்கிட்டே இருக்காங்க.

"உங்க வீட்டுக்காரருக்கு வேற எடம் கெடச்சிருச்சாங்க? எங்க வீட்டுக்காரருக்கு இப்பதான் போன வாரம் ஒரு குடோன்ல சொல்லியிருக்காங்க. பிப்ரவரி மூணாம் தேதி ஸ்டோரை மூடுனதுலேர்ந்து மூணு மாசம் சும்மாவே உக்காந்திருந்தாருங்க. ஒரே சண்டைதான் வீட்டுல."

"விரலை மடக்கிக்கங்க"ன்னேன்.

ஊசி ஒரே தடவையில ஏறுச்சு. பஞ்சை வெச்சு அமுக்கிப் புடிக்கச் சொன்னேன். டியூப்ல பேரு எழுதுனேன். "கெடச்சிருச்சுங்க"ன்னு சொன்னேன்.

பிப்ரவரி மூணாம் தேதி. மிஷின் வந்தது ஆறாம் தேதி.

மே 7, புதன்

எழுதித்தான் ஆகணும், இல்லேன்னா இட்லித் தட்டை எடுத்து அவரு தலையில போட்டாலும் போட்டுடுவேன்.

வேலை போச்சு. போகட்டும்யா! ஊர்ல யாருக்கும் போகாததா? எங்க அப்பாவுக்கு மில்லு மூடி ரெண்டு வருஷம் சும்மா இருந்தாரு, நாங்க செத்தா போயிட்டோம்? "சாந்தா, இப்படி ஆயிருச்சு"ன்னு ஒரு வார்த்தை. மூணு சொல்லு. அதைச் சொல்ல வாய் வரல. ஆனா பாக்ஸ் கட்டித் தா, சட்டைய அயர்ன் பண்ணித் தா, பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு தினம் காலையில எட்டரைக்கு என்னா நடிப்பு! தெருமுனை அரசமரத்தடியிலயோ எங்கயோ உக்காந்திருந்துட்டு நான் போனதும் திரும்பி வந்து, ஜன்னலெல்லாம் சாத்திக்கிட்டு, எதிர் மாடிக்காரங்களுக்குத் தெரிஞ்சிடுமேன்னு திரையையும் இழுத்து விட்டுக்கிட்டு, புழுக்கம் தாங்காம ஏசியப் போட்டுக்கிட்டு படுத்துக்கெடக்கிறது. நான் கட்டிக் கொடுத்ததை என் வீட்டுலயே உக்காந்து தின்னுட்டு, பாக்ஸைக் கழுவிக் கவுத்தி வெச்சிட்டு, நாலு மணிக்கு மறுபடி வெளிய போறது. ஆறரைக்கு அலுத்துப் போன முகத்தோட வர்றது. நான் காப்பி வேற போட்டுத் தர்றேன். மாசம் பொறந்தா சம்பளம்னு கையில கொடுத்தது அந்த மோதிரத்தை அடகு வெச்ச காசுதான் போல.

அதெல்லாம்கூடப் போகட்டும். கரண்டு எங்க போகுதுன்னு அவருக்குத் தெரியும். தெரிஞ்சுக்கிட்டே என் மிஷின் தலையில போட்டாரே, அதான் எனக்கு ஆறல. வெடிச்ச கைக்கு நான் வாங்கி வெச்ச மருந்தைத் தூக்கி அக்கா வீட்டுக்குக் கொடுக்கக் கிளம்பிட்டாரே, தன் பொய்யை மறைக்க. அன்னிக்கு மூணு மணி நேரம் ஃபேன் இல்லாம உக்காந்து விசிறிக்கிட்டு இருந்தாரே, அப்பவாவது வாயைத் தெறந்தாரா?

கேக்க மாட்டேன். அவரா சொல்லட்டும்.

மே 13, செவ்வாய்

இன்னிக்கு ஏசி ரிமோட்ல இருந்த ரெண்டு பேட்டரியையும் கழட்டி என் கைப்பையில போட்டுக்கிட்டு லேப்புக்குப் போயிட்டேன். வெயில் நாப்பத்தியொண்ணு. நாள் முழுக்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். டீ குடிக்கிறப்ப தானாவே சிரிச்சேன், பக்கத்து டேபிள் பொண்ணு என்னக்கா ஜோக்குன்னு கேட்டா.

பகல் 1.3. ஃபேன் மட்டும்.

மே 14, புதன்

பேட்டரி இன்னிக்கும் என் பையிலதான். பகல் 1.2. ஆறரைக்கு வந்தவரு முகம் செக்கச்செவேல்னு இருந்துச்சு. சட்டை முதுகோட ஒட்டியிருந்துச்சு. கம்பெனியில ஏசி ரிப்பேரான்னு கேட்டேன். ஆமான்னாரு. நல்லா வேணும்.

மே 15, வியாழன்

காலையில பல்லு விளக்கப் போனவரு வாஷ்பேசினைப் புடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. தலை சுத்தலாம். பிரஷர் பாத்தேன், எறங்கிக் கெடந்துச்சு. உப்பும் சர்க்கரையும் கலந்து கொடுத்தேன். "இன்னிக்கு லீவு போடுங்க"ன்னேன். "இல்ல, ஸ்டாக் எடுக்கிறாங்க, போகணும்"னு எந்திரிச்சு சட்டையப் போடுறாரு. இல்லாத ஸ்டாக்!

நாசமாப் போன பேட்டரியத் திரும்ப ரிமோட்லயே போட்டுட்டுப் போனேன். செத்துக்கித்து வெச்சா யாழினிக்கு யாரு பதில் சொல்றது?

பகல் 5.6. பதினெட்டு டிகிரியில வெச்சிருக்காரு.

மே 22, வியாழன்

கிளவுஸ் மாட்டுறப்ப வலிக்கல. மூணு வருஷத்துல முதல் தடவை.

மே 25, ஞாயிறு

யாழினிகிட்ட போன்ல இவரு பேசிக்கிட்டு இருக்காரு, ஸ்பீக்கர்ல. "உங்கம்மா மிஷின் நம்மள நடுத்தெருவுல நிறுத்தப் போகுது பாப்பா. மீட்டர் பம்பரமா சுத்துது." அந்தப் பொண்ணும், "அம்மா, நீ டெய்லி போடாம ரெண்டு நாளைக்கு ஒரு தடவை போடலாம்ல"ங்குது.

நாக்கு நுனி வரைக்கும் வந்துருச்சு. பாப்பா, உங்கப்பா நாலு மாசமா எங்க இருக்காரு தெரியுமா? ஒரு வாக்கியம்தான். இவரு என்னைப் பாத்தாரு. நான் அவரையே பாத்தேன். அவரு பார்வையத் திருப்பிக்கிட்டு, ரிமோட்டை எடுத்து டிவி சத்தத்தைக் கூட்டுனாரு.

அவளுக்குப் பரீட்சை நடந்துக்கிட்டு இருக்கு. அதனாலதான் சொல்லல. வேற ஒண்ணும் இல்ல.

ஜூன் 3, செவ்வாய்

அலமாரியில துணி அடுக்குறப்ப அவரு பேண்ட் பாக்கெட்ல மடிச்ச காகிதம் பத்துப் பன்னெண்டு. எல்லாம் வேலைக்கு எழுதுன அப்ளிகேஷனோட நகல். ஸ்டோர் கீப்பர், குடோன் இன்சார்ஜ், கடைசியா ஒண்ணு ஏடிஎம் செக்யூரிட்டி. வயசு ஐம்பத்திரண்டுன்னு எழுதி, அடிச்சு, நாப்பத்தெட்டுன்னு மாத்தியிருக்காரு.

இருந்த எடத்துலயே வெச்சிட்டேன். கோவம் குறைஞ்சதுன்னு அர்த்தம் இல்ல.

ஜூன் 8, ஞாயிறு

நாத்தனார் வந்து எறங்கியாச்சு. அமுதவல்லி அண்ணி சும்மா வரல, அவங்க மருமகனோட லோடு ஆட்டோவுல டிரைவரையும் கூட்டிக்கிட்டு வந்திருக்காங்க, கயிறு, பழைய போர்வை சகிதமா. நாளைக்கு ரீடிங் எடுத்த கையோட மிஷினை ஏத்திக்கிட்டுப் போயிடுவாங்களாம்.

"டேப்பு வெச்சு அளந்துட்டேன் சாந்தா. எங்க கிச்சன்ல கச்சிதமா நிக்கும்."

"அது கரண்டைக் குடிச்சுத் தீக்குதுன்னு உங்க தம்பி சொல்றாரே. உங்களுக்கு மட்டும் எதுக்கு அண்ணி?"

"எங்க வீட்டு மாடியிலதான் சோலார் போட்டிருக்கே!"

அடேயப்பா. ஏற்பாடெல்லாம் பக்காவா இருக்கு. இவரு அக்கா முகத்தையும் பாக்கல, என் முகத்தையும் பாக்கல. தட்டுல இருந்த சோத்தைப் பெசஞ்சுக்கிட்டே இருந்தாரு.

ஜூன் 9, திங்கள்

பத்து மணிக்கு ரீடிங் எடுக்கிறவர் வந்தாரு. நான் அரை நாள் லீவு. இவரும் "லீவு"தான்.

18787. ஐந்நூத்தி எம்பத்திமூணு யூனிட். அட்டையில எழுதிக் கொடுத்துட்டு அவரு போயிட்டாரு.

"நான்தான் சொன்னேன்ல"ன்னு அண்ணி போர்வையைப் பிரிச்சுட்டாங்க. டிரைவர் மேல வந்து மிஷின் பின்னாடி குழாய் எப்படிக் கழட்டுறதுன்னு எட்டிப் பாக்குறான். இந்த டைரியக் கையில எடுத்துக்கிட்டு ஹால் நடுவுல வந்து நின்னேன்.

"கொஞ்சம் பொறுங்க. அறுபத்தியொரு நாள்ல மிஷினை அம்பத்தி நாலு தடவை போட்டிருக்கேன். ஒவ்வொண்ணும் எழுதி வெச்சிருக்கேன். மொத்தம் நாப்பத்தொம்போது யூனிட். ஐந்நூத்தி எம்பத்திமூணுல நாப்பத்தொம்போது!"

"அப்ப மிச்சமெல்லாம் எங்க போச்சு?"ன்னு அண்ணி கேட்டாங்க. நல்ல கேள்வி.

"அதுவும் இதுல இருக்கு அண்ணி. எந்தெந்த நாளு, எத்தனை மணியிலேர்ந்து எத்தனை மணி வரைக்கும், எவ்வளவுன்னு ஏப்ரல் 23லேர்ந்து எழுதியிருக்கேன். படிக்கட்டுமாங்க?"

அந்தக் கடைசி வார்த்தை அண்ணிக்கு இல்ல. அவருக்குத்தான்.

அவரு என் கையில இருந்த டைரியப் பாத்தாரு. அட்டையில விரல் வெச்சு, பக்கத்தைத் தெறந்து புடிச்சிருந்தேன். ஏப்ரல் 28 பக்கம். முகத்துல ரத்தமே இல்ல. சத்தியமாச் சொல்றேன், படிச்சுடணும்னுதான் நின்னேன். ரெண்டு மாசக் கோவம். அண்ணி முன்னாடி, டிரைவர் முன்னாடி, மானத்தை வாங்கிடணும்னு.

அப்பப் பாத்து என் கண்ணு அவரு கால் மேல போச்சு. லீவுன்னு சொல்லிட்டு வீட்டுல இருக்கிற மனுஷன் ஷூவைப் போட்டுக்கிட்டு நிக்கிறாரு. காலையில எட்டரைக்கு மாட்டுன பழக்கம். தேச்சுத் தேச்சு பாலிஷ் போட்டிருக்காரு, குதிகால் பக்கம் தேஞ்சு சாஞ்சுபோச்சு.

டைரிய மூடிட்டேன். கருமம்.

"மிஷின் இங்கயே இருக்கட்டும்கா"ன்னாரு அவரு.

"ஏன்டா, நீதானே போன் பண்ணி வரச் சொன்னே? ஆட்டோவுக்கு டீசல் போட்டுக்கிட்டு வந்திருக்கேன்!"

"மிஷின் இல்லக்கா. மிஷினால இல்ல. விடு."

அண்ணி என்னையும் அவரையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க. முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிச்சுது. போர்வையச் சுருட்டி அக்குள்ல இடுக்கிக்கிட்டு, சாப்பிடக்கூட இல்லாமக் கிளம்பிட்டாங்க. நானும் ஒரு தடவைக்கு மேல கூப்பிடல.

நான் மத்தியானம் லேப்புக்குப் போயிட்டேன். அவரு ஷூவக் கழட்டல.

ஜூன் 10, செவ்வாய்

போற வழியில ஜெயக்கொடி டீச்சர் வாசல்ல நின்னாங்க. "டீச்சர், அன்னிக்குப் பேசுனது தப்பு. உங்க மேல ஒரு தப்பும் இல்ல"ன்னேன். "ரோஜாச் செடி செத்துப்போச்சு"ன்னாங்க. புதுசு வாங்கித் தரணும்.

அதுக்கு முன்னாடி நடந்ததை எழுதலையே. எட்டரைக்கு இவரு வழக்கம் போல சட்டை போட்டு, தலை சீவி, பையைத் தெறந்து வெச்சுக்கிட்டு அடுப்படி வாசல்ல வந்து நின்னாரு.

"பாக்ஸ்?"

"கட்டல."

நிமிந்து பாத்தாரு.

"தட்டுல போட்டு டேபிள் மேல மூடி வெச்சிருக்கேன். ரசம் ஃபிளாஸ்க்ல இருக்கு. சாப்பிட்டுட்டு தட்டைக் கழுவ வேணாம், மிஷின்ல வைங்க. ஏசிய இருபத்தாறுல வெச்சுக்கங்க. அதுக்குக் கீழ போனா எனக்குத் தெரியும்."

கைப்பைய எடுத்துக்கிட்டு அவருக்கு முன்னாடி நான் எறங்கிட்டேன். படியில பாதியில நின்னு காது கொடுத்துக் கேட்டேன், அவரு எறங்கி வர்ற சத்தம் இல்ல. மன்னிச்சுட்டேன்னு யாரும் நெனச்சுக்க வேணாம். பேச வேண்டியது மூட்டை மூட்டையா இருக்கு. இன்னிக்கு லேப்ல கூட்டம், அதான்.

சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து மீட்டரைப் பாத்தேன். பகல் 1.4.

தெருவுலேர்ந்தே தெரிஞ்சுது. ஹால் ஜன்னல் ரெண்டும் தெறந்து கெடந்துச்சு.